‘வாங்க’ இருக்கற ஹார்ட் டிஸ்க்

பச்சமுத்து: ...அதான் சொல்றேனே ஜெயா. அது கேட்டுச்சு, நான் ஆமான்னு அமுக்கப் போனேன். அதுக்குள்ள கரண்ட்டு பூடுச்சு.

ஜெயசுதா: இருங்கண்ணா, மொதல்லருந்து சொல்லுங்க. எது கேட்டுச்சு?

பச்சமுத்து: கம்ப்யூட்டரு. இந்த ஹார்ட் டிஸ்க்க சொருவுனேன். “இத ஃபார்மட் பண்ணாத்தான் தெறக்க முடியும், பண்ணட்டுமா?”ன்னு மரியாதையா கேட்டுச்சு.

ஜெயசுதா: ஐயோ! அமுக்கலயே?

பச்சமுத்து: அதான் கரண்ட்டு...

ஜெயசுதா: வூட்டுக்குப் போன ஒடனே அந்த கரண்ட்டுக்கு ஒரு சூடம் ஏத்துங்க.

பச்சமுத்து: ஏன்? ஃபார்மட்டுன்னா நல்லது தான? முப்பது வருஷமா தாலுகா ஆபீஸ் எதுருல உக்காந்து மனு எழுதறேன். ஃபார்மட் இல்லாத மனுவ எவன் கையில வாங்குவான்? அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா... இதுக்கும் ஃபார்மட் இல்ல போலருக்குது. நீ போட்டுக் குடுத்துடு.

ஜெயசுதா: ரைட்டரண்ணா, இது அந்த ஃபார்மட் இல்ல!

பச்சமுத்து: ஃபார்மட்டுல இன்னாம்மா அந்த ஃபார்மட்டு இந்த ஃபார்மட்டு...

அந்தம்மா: பாப்பா, குடிக்க தண்ணி இருக்குதா?

ஜெயசுதா: அந்தக் கேன்ல புடிச்சுக்கோங்கம்மா. ஆதார் வேல தான? இவர அனுப்பிட்டு உங்களப் பாக்கறேன்.

அந்தம்மா: எனக்கொண்ணும் அவசரமில்ல. நீ ரைட்டரப் பாரு. நிதானமாப் பாரு.

ஜெயசுதா: அண்ணா, கேளுங்க. இந்த டிஸ்க்க உங்க மாப்ள குரு அவரு லேப்டாப்ல போட்டு ரெடி பண்ணியிருக்காரு. அது ஆப்பிள். நம்மளுது விண்டோஸ். ஆப்பிள் கட்டற வரப்பு வேற, விண்டோஸ் கட்டற வரப்பு வேற. அது கட்டுன வரப்பு இதும் கண்ணுக்குத் தெரியாது. “ஐயோ, வெறும் தரிசா இருக்குதே, நான் ஓட்டி புதுசா வரப்பு கட்டிக்கட்டுமா?”ன்னு கேக்குது. அதான் ஃபார்மட்.

பச்சமுத்து: ஓ... பட்டா மாறுதல்!

ஜெயசுதா: இன்னாது?

பச்சமுத்து: ஆப்பிள் பேர்ல இருக்கற பட்டாவ விண்டோஸ் பேருக்கு மாத்தறது. அட, இது தெனம் பத்து எழுதறேனே! மாத்து மாத்து. எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஜெயசுதா: மாத்தறது இல்லண்ணா. டிராக்டர் வுட்டு ஓட்டறது. உள்ள இருக்கறது பூராவும் பூடும்.

பச்சமுத்து: பட்டா மாறுனா நெலத்துல இருக்கற மாமரம் பூடுமா?

ஜெயசுதா: இதுல போவும்.

பச்சமுத்து: கெணறு?

ஜெயசுதா: போவும்.

பச்சமுத்து: போர்வெல்லு?

ஜெயசுதா: போர்வெல்லு, மோட்டாரு, மோட்டார் கொட்டா, கொட்டாயில தூங்கற நாயி... எல்லாம் போவும்!

அந்தம்மா: நாயுமா?

ஜெயசுதா: அம்மா, நீங்க வேற! சரி அண்ணா, உள்ள இன்னா தான் இருக்குது?

பச்சமுத்து: எம்பொண்ணு மஞ்சு கல்யாண வீடியோ.

ஜெயசுதா: கல்யாண வீடியோவா! அத வெச்சினா இப்படி ஃபார்மட் பண்ணு பண்ணுன்னு குதிக்கறீங்க?

பச்சமுத்து: நான் எங்க குதிச்சேன்? கம்ப்யூட்டரு கேட்டுச்சு...

ஜெயசுதா: “கெணத்துல வுழட்டுமா?”ன்னு கேட்டாலும் ஆமான்னு அமுக்குவீங்களா? வேற காப்பி இருக்குதா இதுக்கு?

பச்சமுத்து: இருக்கும்... எங்கியாவது. மணி இன்னா ஜெயா?

ஜெயசுதா: பத்தரை.

பச்சமுத்து: நாலு மணிக்கு அவலூர்பேட்டைலருந்து சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க, இந்த வீடியோவ டிவில பாக்க. அதனால நீ இப்பவே ஃபார்மட்ட போட்டுடு. அழிஞ்சா... அழியாது, ஒரு பேச்சுக்கு சொல்றேன்... அழிஞ்சா, கடை சீல வெச்சு ஒரு சீட்டு குடுத்துடு. நானே டைப் அடிச்சினு வந்துட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு.

ஜெயசுதா: எங்க, குடுங்க... “பொருள்: ஹார்ட் டிஸ்க் எதிர்பாராத விதமாக அழிந்தமை குறித்து”... எதிர்பாராத விதமாவா?

பச்சமுத்து: ஆமா.

ஜெயசுதா: எதிர்பாராத விதமா அழியப் போறத காலைலியே டைப் அடிச்சு, ரெண்டு ஜெராக்ஸும் எடுத்துனு வந்திருக்கீங்க!

அந்தம்மா: நல்ல ரைட்டரு. இடி வுழறதுக்கு முன்னாலியே நஷ்டஈடு மனு எழுதுவாரு போலருக்குது.

பச்சமுத்து: இந்தாம்மா, தண்ணி குடிச்சியா, உக்காரு.

ஜெயசுதா: பேச்ச மாத்தாதீங்க. உங்களுக்கு ஃபார்மட்டுன்னா இன்னான்னு நல்லாத் தெரியும். தெரியாத மாதிரி மாமரம், கெணறுன்னு நாடகம் போடறீங்க. எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?

பச்சமுத்து: ஃபேன் போடலியே நீ.

ஜெயசுதா: தலைக்கு மேல சுத்துது பாருங்க.

பச்சமுத்து: ...ஜெயா, எம்பொண்ணு கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவுது. மாப்ளைய வுட்டா அவங்க வூட்டுல யாரும் எங்க வாசப்படி மிதிக்கல. நாங்க அவங்க வாசப்படி மிதிக்கல. எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால.

ஜெயசுதா: கெட்ட வார்த்தையா?

பச்சமுத்து: “வாங்க.”

ஜெயசுதா: எங்க?

பச்சமுத்து: எங்கியும் இல்லம்மா! வார்த்தையே “வாங்க” தான்!

ஜெயசுதா: அது நல்ல வார்த்தை தான?

பச்சமுத்து: சொன்னா நல்ல வார்த்தை. சம்பந்தி ஏகாம்பரத்துக்கு ஒரு அக்கா, நாகம்மாள்னு பேரு. மாப்ளைக்கு அத்த. அந்த வூட்டுல அவங்க வெச்சது தான் சட்டம். முட்டி வலின்னு நிச்சயத்துக்கு வரல. கல்யாணத்தன்னிக்கி மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தாங்களாம். பொண்ணப் பெத்தவன் நான், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியாம். அப்படியே திரும்பி பஸ் ஏறி பூட்டாங்களாம்.

அந்தம்மா: பின்ன? வாசலுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்கணும் இல்ல?

பச்சமுத்து: கேட்டேம்மா! இந்த ரெண்டு கையையும் கூப்பி, “வாங்க சம்பந்தியம்மா, வாங்க”ன்னு ரெண்டு வாட்டி கேட்டேன்!

அந்தம்மா: ரெண்டு வாட்டியா?

பச்சமுத்து: ரெண்டு வாட்டி.

அந்தம்மா: அவங்க மொகம் பாத்து?

பச்சமுத்து: மொகம் பாத்துத் தான். கண்ணு முன்னாலியே நிக்குது.

அந்தம்மா: ஓஹோ. இன்னா பொடவ கட்டினு இருந்தாங்க?

பச்சமுத்து: பொடவயா... அரக்கு. அரக்குல பச்ச பார்டரு.

அந்தம்மா: பச்ச பார்டரு!

பச்சமுத்து: பட்டு. காபி கூட குடுத்தேன்.

ஜெயசுதா: உள்ளயே வராம திரும்பிட்டாங்கன்னு சொன்னீங்களே?

பச்சமுத்து: வாசல்லியே குடுத்தேன்.

அந்தம்மா: குடிச்சாங்களா?

பச்சமுத்து: குடிச்சாங்களே. சக்கர கம்மின்னு கூட சொன்னாங்க.

அந்தம்மா: அடேங்கப்பா... எனக்கே நாக்குல சக்கர பத்தாத மாதிரி இருக்குது.

ஜெயசுதா: அவ்வளவு பக்காவா கேட்டிருந்தா பயமென்னண்ணா? வீடியோவ போட்டு மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டுங்க.

பச்சமுத்து: அதத்தான் சம்பந்தியும் சொல்றாரு. வர்ற வெள்ளிக்கிழமை மஞ்சுவுக்கு வளைகாப்பு. மொத வளையல் அந்த நாகம்மா தான் போடணும், அவங்க வூட்டு வழக்கம். அவங்க வர மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அவங்க வரலன்னா அந்த வூட்டுலருந்து ஒரு ஈ காக்கா வராது. எம்பொண்ணு தெனம் போன்ல அழுவறா, ஜெயா. “நைனா, ஏழு மாச வயித்த வெச்சினு நான் மணையில தனியா உக்காரணுமா?”ன்னு கேக்கறா. எனக்கு சோறு எறங்கல.

ஜெயசுதா: ச்சே... பாவம்ண்ணா மஞ்சு.

பச்சமுத்து: நான் ஒரு வேகத்துல, “நான் வாங்கன்னு கேட்டது வீடியோவுல இருக்குது, வந்து பாருங்க”ன்னுட்டேன். “சரி, வாசல் கேமராவ போட்டுக் காட்டு, காட்டிட்டா அக்கா வரும்”னுட்டாரு ஏகாம்பரம்.

அந்தம்மா: வாசல் கேமராவா? அது வேற இருக்குதா?

பச்சமுத்து: இருக்குதும்மா. வீடியோக்காரரு ஒரு கேமராவ வாசல்ல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வெச்சிருந்தாரு. ஏழு மணிலருந்து எட்டு மணி வரைக்கும், வந்தவங்க போனவங்க எல்லாம் அதுல வுழுந்திருக்குது.

அந்தம்மா: எல்லாருமா?

பச்சமுத்து: ஒருத்தர் வுடாம.

அந்தம்மா: ...பாப்பா, அந்த டிராக்டரு ஓட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?

ஜெயசுதா: எந்த டிராக்டரும்மா?

அந்தம்மா: அதான், மாமரம், கெணறு, நாயி எல்லாம் போவும்னியே.

ஜெயசுதா: நீங்க ஏம்மா அவசரப்படறீங்க? அண்ணா, கவலய வுடுங்க. அழிக்காமலே வழி இருக்குது. ஆப்பிள் டிஸ்க்க நம்ம கம்ப்யூட்டர்லியே படிக்கறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. அதப் போட்டு, உள்ள இருக்கறத எல்லாம் மொதல்ல எங்கிட்ட காப்பி எடுத்துக்கறேன். அப்பறம் டிஸ்க்க ரெண்டுக்கும் பொதுவான வரப்புல ஃபார்மட் பண்ணி, திரும்பி எல்லாத்தையும் உள்ள ஏத்திடறேன். ஆப்பிள்ளயும் ஓடும், விண்டோஸ்லயும் ஓடும், உங்க டிவிலயும் ஓடும்.

பச்சமுத்து: எதுக்கும்மா உனக்கு சிரமம்...

ஜெயசுதா: இதுல இன்னா சிரமம்?

பச்சமுத்து: வெயில் வேற...

ஜெயசுதா: கடைக்குள்ள ஏது வெயிலு? தோ, போட்டுட்டேன் பாருங்க. டிஸ்க்கு தெரியுது. தாலி கட்டறது... நலங்கு... பந்தி... தோ பாருங்க, “வாசல்”னே பேர் போட்டு வெச்சிருக்காரு. ஓட்டிப் பாத்துடலாமா?

பச்சமுத்து: வேணாம்!

அந்தம்மா: வேணாம்!

ஜெயசுதா: அவரு கத்துனாரு, சரி. நீங்க எதுக்கும்மா கத்தறீங்க?

அந்தம்மா: எறும்பு கடிச்சிது.

ஜெயசுதா: “வேணாம்”னா கத்துவாங்க எறும்பு கடிச்சா?

அந்தம்மா: எறும்பத் தான் சொன்னேன், வேணாம்னு.

ஜெயசுதா: ரைட்டரண்ணா. இப்ப நீங்க உண்மைய சொல்லலன்னா, நான் இத ஓட்டிடுவேன். மூணு எண்றேன். ஒண்ணு...

பச்சமுத்து: ஜெயா...

ஜெயசுதா: ரெண்டு...

பச்சமுத்து: நான் வாங்கன்னு கேக்கல!

ஜெயசுதா: அப்படி வாங்க வழிக்கு.

பச்சமுத்து: போன வாரம் மாப்ள லேப்டாப்போட வந்திருந்தாரு. வாசல் வீடியோவ அவரு தூங்கும்போது தனியா போட்டுப் பாத்தேன். ஏழு மணிக்கு நிக்கறேன், நல்லா நிக்கறேன், பன்னீர் தெளிக்கறேன். ஏழு பத்துக்கு அனந்தபுரத்துலருந்து ஒருத்தர் வர்றாரு. “ரைட்டரே, நாளைக்கு ஜமாபந்தி, ஒரு பட்டா மனு, ரெண்டே வரி”ன்னாரு. ரெண்டு வரி தானன்னு வாழமரத்துக்குப் பக்கத்துல குந்துனேன்...

ஜெயசுதா: பொண்ணு கல்யாணத்துல மனு எழுதுனீங்களா?

பச்சமுத்து: ரெண்டே வரின்னாரு ஜெயா! எழுதி நிமிர்ந்து பாக்கறேன், பின்னால வரிச நிக்குது.

ஜெயசுதா: வரிசையா!

பச்சமுத்து: ஒருத்தருக்கு முதியோர் பென்ஷன். ஒருத்தருக்கு தெருவிளக்கு. சமையக்காரருக்கு ஒரு வாரிசு சான்று. எப்படி முடியாதுன்னு சொல்றது? நல்ல நாளு அதுவுமா...

அந்தம்மா: எதும் மேல வெச்சு எழுதுன?

பச்சமுத்து: தாம்பூலத் தட்டு மேல.

அந்தம்மா: கர்மம்!

பச்சமுத்து: எழுந்திருக்கும்போது ஏழு அம்பது. நாப்பது நிமிஷம் வாசல்ல வாங்கன்னு சொல்ல ஆளே இல்ல. அந்த நாகம்மா அந்த நேரத்துல தான் வந்திருக்கணும். நின்னு பாத்திருக்கணும். நான் குனிஞ்சு “ஐயா, வணக்கம்”னு எழுதினு இருக்கேன், எதுருல நிக்கற பெரியவங்களுக்கு ஒரு வணக்கம் வெக்கல. இத டிவில போட்டா இன்னா ஆவும்? அதுக்கு அழிஞ்சா தேவல. அழிச்சிட்டு, “டிஸ்க்கு பூடுச்சு, நான் கேட்டது சத்தியம்”னு கற்பூரம் அடிச்சாவது அவங்கள வரவெச்சிடுவேன்.

ஜெயசுதா: சரி. வேற காப்பி இருக்குதான்னு கேட்டதுக்கு எங்கியாவது இருக்கும்னீங்களே, அது எங்க?

பச்சமுத்து: இல்ல. லேப்டாப்ல எடம் இல்லன்னு மாப்ள அழிச்சிட்டாரு. வீடியோக்காரரும் வருஷமாச்சுன்னு அழிச்சிட்டாராம். இது ஒண்ணு தான்.

ஜெயசுதா: அப்ப மஞ்சு கழுத்துல தாலி ஏறுனது, உங்க சம்சாரம் கண்ணு தொடச்சது, எல்லாமே இதுல தான் இருக்குது. வேற எங்கியும் இல்ல.

பச்சமுத்து: தெரியும்.

ஜெயசுதா: தெரிஞ்சா சொல்றீங்க? அந்த வாசல மட்டும் தனியா அழிச்சா போதாதா?

பச்சமுத்து: வாசல் மட்டும் காணோம்னா ஏகாம்பரம் வுடுவாரா? “மத்ததெல்லாம் இருக்குது, அது மட்டும் எங்க பூடுச்சு”ன்னு கேப்பாரு. போனா மொத்தமும் போவணும். ஜெயா, வீடியோ எனக்கும் உசுரு தான். நானும் அழுதுனு தான் வந்தேன். ஆனா வெள்ளிக்கிழமை எம்பொண்ணு கை நெறைய வளையலோட சிரிக்கணும். அந்த நாகம்மா வந்து ஒரே ஒரு வளையல் போட்டா போதும். நீ அமுக்கு.

ஜெயசுதா: நான் மாட்டேன்.

பச்சமுத்து: அப்ப நவுரு. நான் அமுக்கறேன். எது, இதுவா?

ஜெயசுதா: அண்ணா, கைய எடுங்க! அண்ணா!

அந்தம்மா: யோவ்! எட்றா கைய!

பச்சமுத்து: இந்தாம்மா, உனக்கு இன்னா வந்துச்சு? ஆதாருக்கு வந்தியா, ஆதாரப் பாத்துனு போ. இது எங்க குடும்ப விஷயம்.

அந்தம்மா: எனக்கும் அதே குடும்பம் தான். நான் தான்யா நாகம்மா!

பச்சமுத்து: எந்த நாகம்மா?

நாகம்மாள்: நீ காபி குடுத்த நாகம்மா. சக்கர கம்மின்னு சொன்ன நாகம்மா.

பச்சமுத்து: வா... வா... வாங்க! வாங்க சம்பந்தியம்மா, வாங்க! வாங்க வாங்க! ஜெயா, சேரு! அந்த நல்ல சேரு! உக்காருங்க, இல்ல எந்திரிங்க, அதுல கால் ஆடும், இதுல உக்காருங்க! வாங்க! ஜூஸ் சாப்டறீங்களா? வாங்க!

நாகம்மாள்: அட, போதும்யா! ஒரு வருஷத்துக்கு உண்டானத ஒரே மூச்சுல சொல்ற!

ஜெயசுதா: அப்ப இவ்ளோ நேரம் இவரு உங்க பொடவைக்கு பார்டர் வெச்சினு இருந்தத கேட்டுனு தான் இருந்தீங்களா?

நாகம்மாள்: அரக்கு சரி. எப்படிடா சரியா சொல்றான்னு ஆடிப் பூட்டேன். அப்பறம் பச்ச பார்டருன்னான், உசுரு வந்துச்சு.

பச்சமுத்து: சம்பந்தியம்மா, கால்ல வுழறேன். நான் பொய் சொல்லிட்டேன். உங்க மொகத்த நான் பாத்ததே இல்ல.

நாகம்மாள்: அதான் தெரியுதே. அர மணி நேரமா எதுருல குந்தினு இருக்கேன், இந்தாம்மா இந்தாம்மான்ற.

பச்சமுத்து: அன்னிக்கி அந்த முட்டி வலியோட பஸ் ஏறி வந்து, வாசல்ல நின்னு, நாதியில்லாம திரும்பியிருக்கீங்களே... நெனச்சா எனக்கு வயிறு எரியுது. எவ்ளோ நேரம் நின்னீங்க?

நாகம்மாள்: அத வுடுய்யா.

பச்சமுத்து: எப்படி வுடறது? கால் கடுக்க நின்னிருப்பீங்க. வெறுங்கையோட வேற வரல, சீர்த் தட்டோட வந்தீங்கன்னு சம்பந்தி சொன்னாரு. அந்தத் தட்டோட நின்னு, என்னியே பாத்துனு...

நாகம்மாள்: வுடுன்றேன் இல்ல. நான் வெள்ளிக்கிழமை வர்றேன். மொத வளையல் நான் தான் போடுவேன். தம்பிகிட்ட நானே பேசிக்கறேன். நீ அந்த வீடியோவ அழிக்காத, யாருக்கும் போட்டும் காட்டாத. முடிஞ்சுது. பாப்பா, மூடு அத.

பச்சமுத்து: எவ்ளோ பெரிய மனசு பாத்தியா ஜெயா! நான் மனு எழுதினு கெடந்தேன், அவங்க மன்னிச்சு...

ஜெயசுதா: ஒரு நிமிஷம்ண்ணா. நீங்க தாம்பூலத் தட்டு மேல எழுதறத பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. வேகமா ஓட வுட்டுனு இருக்கேன்... ஹஹ்ஹா! ஐயோ, பேனா எழுதலன்னு மாப்ள வூட்டுக்காரங்க பாக்கெட்லருந்து எடுக்கறீங்களே!

நாகம்மாள்: மூடுன்னேன் பாப்பா!

ஜெயசுதா: ஏழு இருவது... ஏழு முப்பது... ஏழு நாப்பது... எட்டு. முடிஞ்சிடுச்சு. அம்மா, நீங்க எப்ப வந்தீங்க?

நாகம்மாள்: ஏழரை இருக்கும்.

ஜெயசுதா: ஏழரைக்கு பேண்ட் செட்டுக்காரரு போறாரு. ஒரு ஆட்டுக்குட்டி கூட வந்து வாழ எலைய தின்னுட்டு போவுது. நீங்க இல்லியே?

நாகம்மாள்: கூட்டத்துல மறைஞ்சிருப்பேன்.

ஜெயசுதா: கூட்டமே இல்ல. எல்லாரும் மனு வரிசையில நிக்கறாங்க.

பச்சமுத்து: ஜெயா, கேமராவுல வுழாம இருந்திருப்பாங்க. சும்மாயிரு, இப்பத்தான் சமாதானமாச்சு.

ஜெயசுதா: எனக்கு ஒரே சந்தேகம்ண்ணா. கேக்காதவரு கத்துனது நியாயம். கேக்கலன்னு சொன்னவங்க ஏன் கத்துனாங்க? வீடியோ ஓடுனா அவங்க தான ஜெயிக்கணும்? ஆதார் வேலன்னு சொல்லினு எதுக்கு இங்க வந்து உக்காந்தாங்க?

நாகம்மாள்: நீ தான தம்பிகிட்ட போன்ல சொன்ன, ஜெயா கடையில குடுத்து சரி பண்றேன்னு. அதான் மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். இந்தப் பாப்பா கால்ல கையில வுழுந்து, ஓடாம பண்ணிடுன்னு சொல்லலாம்னு.

பச்சமுத்து: ஏன்?

நாகம்மாள்: ஏன்னா நான் உன் மண்டபத்துக்கே வரலய்யா!

பச்சமுத்து: இன்னாது!

நாகம்மாள்: கத்தாத. பத்திரிகை எழுதுனது யாரு?

பச்சமுத்து: நான் தான். ஃபார்மட் படி...

நாகம்மாள்: உன் ஃபார்மட்ல தீய வெக்க! மண்டபத்துக்குப் பேரு இல்ல? தெருவுக்குப் பேரு இல்ல? “இடம்: கல்யாண மஹால், செஞ்சி.” அவ்ளோ தான போட்ட?

பச்சமுத்து: வரி நீண்டு போச்சு. சுருக்கமா இருந்தா அழகா இருக்கும்னு...

நாகம்மாள்: மாட்டக் கறந்துட்டு காலைல தனியா வந்தேன். வூட்டுல எல்லாரும் முந்தின நாளே வந்துட்டாங்க. கூட்டுரோட்டுல எறங்கி ஆட்டோக்காரன்கிட்ட பத்திரிகைய காட்டுனேன். “கல்யாண மஹால் தான, ஏறுங்க”ன்னான். கொண்டு போயி கோட்டையில வுட்டுட்டான்!

ஜெயசுதா: கோட்டைக்குள்ள ராஜா கட்டுன கல்யாண மஹாலுக்கா!

நாகம்மாள்: நான் கோட்டைய பஸ்ஸுலருந்து பாத்ததோட சரி, எனக்கு இன்னா தெரியும்? பெருசா கட்டியிருந்துச்சு. பரவால்லியே, சம்பந்தி பெரிய எடம் தான்னு நெனச்சேன். மாடி மேல மாடியா அண்ணாந்து பாக்கறேன், பந்தி மேல நடக்குதோன்னு. அதுக்குள்ள ஒரு கொரங்கு வந்து தட்டுல இருந்த வாழப்பழத்த தூக்கினு போச்சு. இன்னொண்ணு வெத்தல பாக்க தூக்கினு போச்சு.

ஜெயசுதா: ஐயோ அம்மா, வயிறு வலிக்குது...

நாகம்மாள்: செல்ஃபி எடுத்துனு இருந்த ஒரு பொண்ண, “பொண்ணு மாப்ள எங்கம்மா?”ன்னு கேட்டேன். “ரெண்டு பேரும் போயி எரநூறு முந்நூறு வருஷம் இருக்கும் ஆயா”ன்னுச்சு. முகூர்த்தமும் தாண்டிப் போச்சு. வெக்கம் தாங்காம அப்படியே பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் தம்பி வந்து, “ஏன்க்கா உள்ள வரல? சம்பந்தி உன்ன வாங்கன்னு கேக்கலியா?”ன்னான். கேக்கலன்னேன். அதுல இன்னா பொய்யி? நீ கேக்கல தான!

பச்சமுத்து: நான் இருந்த எடத்துக்கு நீங்க வரவே இல்லியே!

நாகம்மாள்: அத அவன் கேக்கல, நான் சொல்லல. ஒரு வருஷமா வாய மூடினு இருந்தேன். மஞ்சு அழுவுதுன்னு சொன்னியே, அப்பத்தான் நெஞ்சு அடச்சிது. நீ மொத்தத்தையும் அழிக்கப் போனதும் தாங்கல.

ஜெயசுதா: காப்பி ஓடினு இருக்குதும்மா. மத்தியானத்துக்குள்ள ஃபார்மட்டும் முடிஞ்சிடும். எதுவும் அழியாது.

பச்சமுத்து: சம்பந்தியம்மா, எனக்கு மனசு ஆறல. தப்பான எடமா இருந்தாலும் பட்டுப் பொடவ கட்டினு தட்டோட போயி நின்னிருக்கீங்க. அவ்ளோ பெரிய கோட்டையில கூடவா உங்கள ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல?

நாகம்மாள்: சொல்லாம? வாசல்ல கம்பிக்கு உள்ள உக்காந்துனு இருந்த ஒரு புள்ள ஒண்ணுக்கு ரெண்டா சொன்னான்... “ஆயா, டிக்கெட் வாங்க இந்தாண்ட வாங்க”ன்னு!